சத்தம் போட்ட கை

கதவைத் தட்டிவிட்டு உள்ளே வராமல் படிக்கட்டிலேயே நின்ற முதல் வாடிக்கையாளர் அவள்தான்.

"உள்ள வரலாங்களா?" என்று முகக்கவசத்துக்குள்ளிருந்து கேட்டாள். "சில பேரு வேணாம்பாங்க."

"கல்யாணத் தரகருங்களைத் தவிர யார் வேணா வரலாம்," என்றேன்.

டயர் கடைக்கு மேலே இருக்கும் எங்கள் துப்பறியும் நிலையத்துக்கு வருமானமே மாப்பிள்ளை விசாரணைதான். தரகர்கள் எங்களைக் கண்டால் காறித் துப்பாத குறை. நிலையத்தை நடத்துவது அக்கா. முன்னாள் ஹெட் கான்ஸ்டபிள். மேலதிகாரியின் மைத்துனன் மேல் வழக்குப் போட்டதால் 'முன்னாள்' ஆனவள். நான் நுண்ணுயிரியல் பட்டதாரி. எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். வேலை கேட்டுப் போன ஆய்வுக்கூடத்தில் எல்லாம் "யார் சொல்லி வந்தீங்க?" என்றார்கள். நானாகத்தான் வந்தேன் என்றதும் கதவைச் சாத்தினார்கள். அக்கா மட்டும்தான் "வண்டி ஓட்டத் தெரியுமா?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எனக்குப் பெயர் காலேஜு.

வந்தவள் ஜன்னலோரம் பார்த்து உட்கார்ந்தாள். ஜன்னலைத் திறக்கவும் செய்தாள்.

"நான் டப்பிங்ல குரல் குடுக்குறவ. பொம்மைப் படத்துல வர்ற சுண்டெலி நான்தான். எல்லாரும் அப்படியேதான் கூப்பிடுவாங்க."

"உனக்கு என்ன பிரச்சனைம்மா?" என்று கேட்டாள் அக்கா.

அவள் முழங்கைக்குக் கீழே சட்டையை ஏற்றிக் காட்டினாள். தோலில் ஒரு வட்டத் தழும்பு. வற்றிப்போய்க் கறுத்த வீக்கம்.

"எங்க படத்துல பூனைக்குப் பேசுறவர் டி.பி.ல படுத்துட்டார். ஆஸ்பத்திரியில ஆக்சிஜன் வச்சிருக்காங்க. அடுத்து ரிசப்ஷன் பொண்ணுக்கும் வந்துருச்சு. ஸ்டூடியோவுல வேற யாருக்கோ இருக்கு, அவங்ககிட்டருந்துதான் பரவுதுன்னு டாக்டர் சொன்னார். ஓனர் ஒரு லேப் ஆளைக் கூட்டிட்டு வந்து மிச்சம் பேருக்கெல்லாம் கையில ஊசி போடச் சொன்னார். ரெண்டு நாள் கழிச்சு வந்து வீக்கத்தை ஸ்கேல் வச்சு அளந்தாங்க. எனக்குத்தான் பெருசு."

"அப்புறம்?"

"வீங்குனவங்க எல்லாரும் நெஞ்சுப் படம் எடுத்தோம். என் படம் சுத்தம். உன்னால யாருக்கும் ஒட்டாது, பின்னால வராம இருக்க மாத்திரை மட்டும் சாப்பிடுன்னு டாக்டரே சொல்லிட்டார். யாரு கேக்குறா? ஓனருக்கு அந்த ஸ்கேல்தான் சாட்சி." செல்போனை எடுத்தாள். "இதை எல்லா ஸ்டூடியோவுக்கும் அனுப்பிட்டாங்க."

தேனில் தோய்த்த சம்மட்டி மாதிரி ஒரு குரல் அறையை நிறைத்தது.

"நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் நிறுவனத்தில் நோய் பரவக் காரணமாக இருந்தவரை அடையாளம் கண்டுவிட்டோம். சுண்டெலிக்குக் குரல் கொடுத்த அந்தப் பெண்ணை, தயவுசெய்து, உங்கள் ஒலிப்பதிவு அறைக்குள் அனுமதிக்க வேண்டாம்."

"யாரு இது? யமனுக்கு டப்பிங் பேசுறவரா?" என்றேன்.

"சிங்கராஜாவுக்குப் பேசுறவர். சிங்கம்னுதான் கூப்பிடுவோம். ஓனர் எழுதிக் குடுத்தார், இவர் பேசுனார். இவர் சொன்னா யாரும் ரெண்டாவது கேள்வி கேக்கமாட்டாங்க." செல்போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். "எங்க அண்ணனும் இதைக் கேட்டுட்டான். வீட்டுல அண்ணிக்குக் குழந்தை பொறந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு. நான் இப்ப லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கேன். அண்ணன் போன் எடுக்குறதில்ல. பாப்பாவை இன்னும் பாக்கல."

"அண்ணன்கிட்ட டாக்டர் சீட்டைக் காட்ட வேண்டியதுதானே?"

"காட்டுனேன். 'அப்ப யாருதான் பரப்புனது?'ன்னு கேட்டான். வேற ஆளைக் காட்டுற வரைக்கும் நான்தான் அந்த ஆளு."

அக்கா என் பக்கம் திரும்பினாள். "காலேஜு, இந்த வீக்கம்னா என்ன? எனக்குப் புரியுற மாதிரி சொல்லு."

"அந்த ஊசியில உயிருள்ள கிருமி கிடையாதுக்கா. கிருமியோட கிழிஞ்ச சட்டைன்னு வச்சுக்குங்க. கிருமி திருடன்னா, உடம்புல இருக்குற வெள்ளையணுக்கள்தான் போலீஸ். முன்னால அந்தத் திருடனைப் பாத்த போலீஸா இருந்தா, சட்டையைக் கண்ட உடனே விசில் ஊதி ஆளைக் கூட்டிரும். அந்தக் கூட்டம்தான் வீக்கம்."

"ஆக, வீக்கம் திருடன் இல்ல. போலீஸ் கூட்டம்."

"ஆமா. என்னைக்கோ வந்தான்னு அர்த்தம். இப்ப உள்ள இருந்து அடுத்த வீட்டுக்குப் போறான்னு அர்த்தமில்ல."

"பாத்தேன்னு சத்தம் போட்டவளையே பிடிச்சு உள்ள போட்டிருக்காங்க," என்றாள் அக்கா. மேஜைக்குள்ளிருந்து இரண்டு முகக்கவசங்களை எடுத்தாள். நல்ல தடிமனானவை. "சுண்டெலிக்குப் பதிலா வேற குரல் தேடுறாங்களாம்மா?"

"ஆமா. இன்னைக்கு ஆள் எடுக்குறாங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். போன தடவை அதே பார்வைக்குப் பிறகு நான் ஒரு மாப்பிள்ளை வீட்டில் பாத்திரம் கழுவ வேண்டியிருந்தது.

"கீச்னு கத்து பாப்போம்," என்றாள்.

*

ஸ்டூடியோ ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தது. சுவர், கூரை, கதவின் உள்பக்கம் எல்லாம் கறுப்பு நுரைப்பஞ்சு. காற்றுப் போக இருந்த ஒரே துளையையும் பஞ்சு வைத்து டேப் ஒட்டி அடைத்திருந்தார்கள்.

"அது வழியா ரோட்டுச் சத்தம் வந்துச்சு," என்றார் ஓனர் பெருமையாக. சலவை மடிப்புக் கலையாத மனிதர். பேசும்போது கண் மட்டும் நம் கைப்பையில் இருந்தது. "இப்ப ஒரு எறும்பு வந்தாலும் எனக்குத் தெரியும்."

"எறும்புக்குத் தெரியுமாக்கும்," என்று முணுமுணுத்தேன். அக்கா காலை மிதித்தாள்.

"என் தங்கச்சி," என்று என்னை அறிமுகப்படுத்தினாள். "சின்ன வயசுலருந்தே கீச்சுக் குரல். இங்க ஏதோ நோய்ன்னு கேள்விப்பட்டோமே, அதான் கொஞ்சம் பயம்."

"அதெல்லாம் முடிஞ்சுபோச்சு. கொண்டுவந்த பொண்ணை அனுப்பியாச்சு."

வாசல் பக்கம் யாரோ நுரையீரலே கழன்று விழுவதுபோல் இருமினார்கள். திரும்பினேன். குச்சி உடம்பு, குழி விழுந்த கன்னம், விரலிடுக்கில் அணைத்த சிகரெட். ஒலிப்பதிவாளர். காது என்று கூப்பிடுகிறார்கள். பக்கத்துத் தெருவில் பல்லி கத்தினாலும் அவருக்குக் கேட்குமாம். எனக்குள் மணி அடித்தது. இவன்தான். படித்த புத்தகத்தில் காசநோய்க்குப் போட்டிருந்த படமே இப்படித்தான் இருக்கும்.

அக்கா காதைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த ஒரு புகைப்படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாரோ கேடயம் வாங்குகிறார். ஒடுங்கிய முகம், கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை, மணிக்கட்டைக் கவ்விய கடிகாரம்.

"அது நான்தான்மா," என்றது சம்மட்டிக் குரல். "போன வருஷம்."

சிங்கம் நின்றிருந்தார். படத்தில் இருப்பவரை யாரோ காற்றடித்து உப்ப வைத்தது போன்ற முகம். கன்னம் இரண்டும் பூரித்து, கழுத்துப் பொத்தான் எட்டாமல் திறந்து கிடந்தது.

"ஆள் நல்லா தேறிட்டீங்களே சார்," என்றாள் அக்கா.

"எல்லாம் நல்ல மனசு," என்று சிரித்தார். "பயப்படாதீங்க. இங்க எல்லாருக்கும் கை வீங்குச்சு. எனக்குப் பாருங்க." சட்டைக் கையை ஏற்றினார். கடிகாரம் மணிக்கட்டிலிருந்து வழுக்கிக்கொண்டு முழங்கை வரை போனது. தோல் மொழுக்கென்று இருந்தது. "ஒரு பொட்டுகூடக் கிடையாது. படமே எடுக்கத் தேவையில்லைன்னுட்டாங்க."

"கடவுள் கையெழுத்துப் போட்ட கை," என்றார் ஓனர்.

என்னை ஒலிப்பதிவு அறைக்குள் தள்ளினார்கள். சொல்லிக்கொடுக்க சிங்கமும் வந்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் காதும் அக்காவும் உட்கார்ந்தார்கள். சிவப்பு விளக்கு எரிவதற்கு முன்னால் காது இரண்டு ஸ்விட்சை அணைத்தார். ஏ.சி. நின்றது. மின்விசிறி நின்றது.

"ஏன் நிறுத்துறாங்க?"

"மைக்கில இரைச்சல் ஏறும்மா. ரெக்கார்டிங் முடியுற வரைக்கும் இப்படித்தான்." சிங்கம் எனக்கு எதிரே, ஒரு முழம் தள்ளி நின்றார். "மாஸ்க்கைக் கழட்டிட்டுக் கத்து."

"எங்க வீட்டு எலி மாஸ்க் போட்டுட்டே கத்தும் சார்."

கத்தினேன். அதைப் பற்றி விரிவாக எழுத மாட்டேன். கண்ணாடிக்குப் பின்னால் அக்கா கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டது மட்டும் தெரிந்தது. சாலைச் சத்தம்கூட நுழையாத அந்த அறையில் ஒருவர் விட்ட மூச்சு வெளியே போக வழியே இல்லை. இந்த அறையில்தான் காலையிலிருந்து மாலைவரை நான்கு பேர் நின்று சிரித்து, கத்தி, கர்ஜித்திருக்கிறார்கள்.

கத்திக் கத்தி எனக்கே தொண்டை கமறிவிட்டது. செருமினேன்.

"தொண்டை கட்டிருச்சா?" சிங்கம் உண்மையான கரிசனத்தோடு சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, ஒரு மாத்திரையைக் கிள்ளிக் கொடுத்தார். "நம்ம தொழிலுக்கு இதுதான் தெய்வம். போட்ட கொஞ்ச நேரத்துல குரல் திறந்துரும். நான் தினமும் போடுறேன். பூனைக்கும் நான்தான் குடுத்துப் பழக்குனேன். அந்தச் சுண்டெலிதான் திமிரா தூக்கிப் போட்டுட்டா."

வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

*

வெந்நீர் குடிக்க சிங்கம் மாடிக்குப் போனார். ஓனர் போன் பேச வாசலுக்குப் போனார். நான் ஒலிப்பதிவு மேஜைக்கு வந்தபோது அக்கா ஒரு நெஞ்சுப் படத்தைக் கம்ப்யூட்டர் திரைக்கு எதிரே தூக்கிப் பிடித்திருந்தாள்.

"காதோட படம். பயமா இருக்குன்னேன், இவரே எடுத்துக் காட்டுனார். டாக்டர் எழுதியே குடுத்துட்டார், சுத்தம்னு. வெறும் சிகரெட் இருமல்," என்றாள். "உன் மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது, நீ இவரைத்தானே நெனச்ச?"

"நானா? சேச்சே."

"இருமுறவன் எல்லாம் திருடன்னா எங்க மாமனாரை என்னைக்கோ தூக்கியிருக்கணும்." அக்கா காதின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "தம்பி, உங்களைத் தவிர இங்க யாரு இருமுவாங்க?"

"யாரும் இல்ல மேடம். நானும் வெளிய போயிதான் இருமுவேன். எங்க ஸ்டூடியோ ஆளுங்க ஒருத்தர்கூட இருமமாட்டாங்க. நீங்க எந்த எபிசோடை வேணா போட்டுக் கேளுங்க."

"நான் கேட்டது ரூமுக்குள்ள இருமுறது யாருன்னு. நீங்க சொல்றது ஸ்பீக்கர்ல வர்றது."

காதுக்கு ஒரு நிமிடம் புரியவில்லை. பிறகு, புரிவது முகத்தில் மெதுவாக ஏறியது.

"சுண்டெலியை உள்ள விடாதீங்கன்னு சிங்கம் பேசுன மெசேஜ், இங்கதானே பதிவு பண்ணீங்க?" என்றாள் அக்கா. "நீங்க கத்திரி வைக்கிறதுக்கு முந்தினதைப் போடுங்க."

அவர் விரல்கள் தயங்கின. ஒரு கோப்பைத் திறந்தார்.

"நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் நிறுவனத்தில்..." இருமல். வறண்ட, ஆழமான இருமல். "வெட்டிருப்பா." மறுபடி குரல். "நோய் பரவக் காரணமாக..." இருமல். மூச்சு வாங்கும் சத்தம். "வெட்டிரு." "அந்தப் பெண்ணை..." இந்த முறை இருமல் நிற்கவே இல்லை. திரையில் பச்சை அலைகள் கூரையை முட்டின. அதற்குப் பிறகு ஒரு தண்ணீர் மடக்கு. "தயவுசெய்து."

அவர் பதிவை நிறுத்தினார்.

"நான்தான் வெட்டுனேன்," என்றார் காது. அவருக்கே தன் குரல் கேட்காத மாதிரி இருந்தது. "மாசக்கணக்கா வெட்டிட்டு இருக்கேன். வெட்டுறப்ப எனக்கு அது இருமலாத் தெரியாது மேடம். திரையில ஒரு அலை. குப்பை. கை தானாப் போயிரும். முடிச்சுட்டு நல்லா இருக்கேன்னு கேட்டுப் பாப்பேன். கேட்டு, கேட்டு, அவர் இருமுறதே இல்லைன்னு நானே நம்பிட்டேன்."

"ஊர்லயே நல்ல காது," என்றேன். சொன்ன பிறகு பாவமாக இருந்தது. கொஞ்சம்.

"அவர் குரல்?" என்றாள் அக்கா. "எப்பவுமே இவ்வளவு கனமா?"

"இல்ல. முன்னாடி நான்தான் கனம் ஏத்துவேன். கொஞ்ச நாளா ஏத்தவே வேண்டியதில்ல. சிங்கராஜாவுக்கு வயசு ஏற ஏறக் குரல் முறுகுதுன்னு ஓனர் சம்பளமே கூட்டுனார்."

*

வெளியே வந்து வண்டிப் பக்கம் நின்றோம். நான் முகக்கவசத்தை இழுத்துவிட்டு இரண்டு மூச்சுக் காற்றை முழுசாகக் குடித்தேன்.

"ஆனா இடிக்குதுக்கா. அவர் கையில ஊசி போட்ட இடம் மொழுக்குன்னு இருக்கு. உள்ள கிருமி இருந்தா போலீஸ் விசில் ஊதியிருக்கணுமே?"

"எனக்கு அந்தக் கைதான் முதல்லருந்தே உறுத்துது." அக்கா வண்டியில் சாய்ந்தாள். "ஒரு தெருவுல திருட்டு நடந்துச்சு. அந்தத் தெருவுல ரோந்து போன அத்தனை பேரும் 'ஆமாங்கய்யா, ஒருத்தனைப் பாத்தோம்'ங்கிறான். ஒருத்தன் மட்டும் 'நான் யாரையும் பாக்கலை'ங்கிறான். அவனுக்கு மெடல் குடுக்குறது ஓனர் புத்தி. என் புத்தி வேற. ஒரே அறை, ஒரே காத்து, இந்த ஆளோட போலீஸுக்கு மட்டும் எப்படிக் கண்ணு தெரியாமப் போச்சு?"

"தூங்கியிருக்கணும்."

"போலீஸைத் தூங்க வைக்க என்ன குடுக்கணும் காலேஜு?"

என் கை தானாகப் பைக்குள் போனது. மாத்திரையைச் சுற்றியிருந்த தாளில் பாதிப் பெயர்தான் இருந்தது. பாதியே போதும்.

"ஸ்டீராய்டு," என்றேன்.

"அது என்ன பண்ணும்?"

"தொண்டை வீக்கத்தை வத்த வைக்கும், குரல் திறக்கும். எப்பவாவது டாக்டர் சொல்லிப் போட்டா மருந்து. தினமும் தானாப் போட்டா, உடம்புல இருக்குற மொத்த போலீஸுக்கும் லீவு லெட்டர்." எனக்குப் பேச்சு வேகமெடுத்தது. "இந்தக் கிருமி சாதாரண திருடன் இல்லக்கா. போலீஸ்காரன் அதைப் பிடிச்சு முழுங்கிருவான். மத்த கிருமின்னா உள்ள போனதும் செரிச்சுரும். இது செரிக்காது. போலீஸ் வயித்துக்குள்ளயே பாய் விரிச்சுக் குடித்தனம் பண்ணும்."

"எங்க ஸ்டேஷன்லயும் அப்படி ஒருத்தன் இருந்தான். மைத்துனன்."

"முழுசாக் கொல்ல முடியாத போலீஸ் என்ன பண்ணும்னா, சுத்தி நின்னு வேலி போடும். ஆயுசுக்கும் அந்த வேலிக்குள்ளயே கிருமி அடங்கிக் கிடக்கலாம். நிறைய பேருக்கு அப்படித்தான். வேலி நிக்கிற ஆளுங்களை இந்த மாத்திரை வீட்டுக்கு அனுப்பிட்டா?"

"உள்ள இருக்குறவன் கதவைத் திறந்துட்டு ராஜநடை போடுவான்."

"விசில் ஊத ஆளில்லாததால கையும் வீங்காது."

அக்கா விரல் விட்டு எண்ணுகிறவள் அல்ல. ஆனால் அப்போது மூக்கைத் தடவினாள். அவள் மூக்கைத் தடவினால் ஒரு கல்யாணம் நின்றுவிட்டது என்று அர்த்தம்.

"மாப்பிள்ளை போட்டோவையும் மாப்பிள்ளையையும் ஒத்துப் பாக்குறதுதான் நம்ம பொழப்பு. போட்டோவுல ஒடுங்கின முகம், கையில இறுக்கமா வாட்ச். இப்ப முகம் பூசணிக்காய். கழுத்துப் பொத்தான் மாட்டல. ஆனா வாட்ச் முழங்கைக்கு ஓடுது. தேறுன உடம்புன்னா கையும்ல தேறணும்?"

"முகத்தை ஊத வைக்கிறது மாத்திரைக்கா. கையை உருக்குறது நோயும் மாத்திரையும் சேந்து." மாத்திரையைப் பைக்குள் திணித்தேன். "பூனைக்கும் இதைத்தான் குடுத்திருக்கார். கிருமியையும் குடுத்து, காவலுக்கு நின்னவனையும் தூங்க வச்சிருக்கார். அதான் அந்தாளு ஆக்சிஜன்ல கிடக்கிறார். சுண்டெலி தூக்கிப் போட்டுட்டா. அவ போலீஸ் முழிச்சிருந்துச்சு, உரக்கச் சத்தம் போட்டுச்சு. அதுக்குத் தண்டனை, வேலையும் போச்சு, வீடும் போச்சு. வாயைத் திறக்காத கைக்குப் பேரு கடவுள் கையெழுத்து."

"கத்தாத. எலி வேஷம் முடிஞ்சுருச்சு," என்றாள் அக்கா. ஆனால் அவள் முகமும் இறுகியிருந்தது. "ஒண்ணுதான் எனக்குத் தெரியணும். அவருக்கு இது தெரியுமா, தெரியாதா?"

*

ஸ்டூடியோவுக்குப் பின்னால், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் திறந்த வெளி. சிங்கம் வெந்நீர் டம்ளரோடு அங்கே நின்றார். அக்கா காற்று வரும் பக்கமாகப் போய் நின்றாள். பின்னாலேயே ஓனர் ஓடி வந்தார்.

"நீங்க யாரு? எலிக்கு ஆள் எடுக்க வந்தா இங்க என்ன வேலை?"

"எலி கிடைச்சாச்சு. சிங்கத்தைத்தான் தேடுறோம்," என்றேன்.

அக்கா, காதிடமிருந்து வாங்கிய பதிவைச் செல்போனில் ஓட விட்டாள். வெட்டாத பதிவு. இருமல், வெட்டிருப்பா, இருமல், அந்தப் பெண்ணை, இருமல், தயவுசெய்து.

ஓனர் முதலில் அதிகாரமாகச் சிரித்தார். "தொண்டைக் கமறல். அவர் கை சுத்தம். ரிப்போர்ட் இருக்கு."

"ரிப்போர்ட் பொய் சொல்லல சார். நீங்கதான் தப்பாப் படிச்சீங்க," என்றேன். மாத்திரையைக் காட்டினேன். சொல்ல வேண்டியதை நாலு வாக்கியத்தில் சொன்னேன். இரண்டாவது வாக்கியத்தில் ஓனர், தன்னையறியாமல், சிங்கத்திடமிருந்து நகர்ந்து நின்றார். காலையில் கடவுளைக் கண்டவர்.

சிங்கம் டம்ளரைக் கீழே வைத்தார். ஜெனரேட்டர் திட்டில் உட்கார்ந்தார்.

"எனக்குத் தெரியும்," என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். என் கை முஷ்டியாகியிருந்தது.

"தொண்டையில கோளாறுன்னு ரொம்ப நாளாத் தெரியும். எங்கப்பாவுக்கும் இப்படித்தான் குரல் கட்டிக்கிட்டே போச்சு. புத்துநோய். குரல்வளையை எடுத்துட்டாங்க. கடைசிவரைக்கும் சிலேட்டுல எழுதிக் காட்டிக்கிட்டே செத்தார்." அந்தக் கனத்த குரல் இப்போது வெறும் கரகரப்பாக இருந்தது. "டாக்டர்கிட்ட வாயைத் திறந்தா அதைத்தான் சொல்லுவாங்கன்னு போகல. மாத்திரை போட்டா குரல் வந்துச்சு. இங்க ஊசி போட்டப்ப, ஒரு ஆசை. டி.பி.யா இருந்துரக்கூடாதான்னு. அதுக்குத்தான் மருந்து இருக்கே. ரெண்டு நாளா கையையே பாத்துட்டு இருந்தேன். வீங்கணும், வீங்கணும்னு. வீங்கல. டி.பி. இல்லைன்னா மிச்சம் அது ஒண்ணுதானே? எல்லாரும் கைகுலுக்குனாங்க. நான் பாத்ரூம்ல போயி அழுதேன்."

ஜெனரேட்டர் மேல் ஒரு காகம் வந்து உட்கார்ந்துவிட்டுப் பறந்தது.

எனக்குக் கோபம் இறங்கவில்லை. இறங்க வேண்டிய இடத்தில் இறங்காத கோபம் அது.

"சரி. நோயைப் பத்தித் தெரியாது," என்றேன். "அந்த மெசேஜ்? மூச்சுக்கு மூச்சு நீங்க இருமிக்கிட்டே, இருமாத ஒருத்தியை உள்ள விடாதீங்கன்னு வாசிச்சீங்களே. அப்பக்கூட ஒண்ணும் தோணலையா?"

அவர் தலை குனிந்தார். "ஓனர் எழுதிக் குடுத்தார்."

"வாசிச்சது யாரு?"

குனிந்தபடியே சொன்னார். "ஒருத்தர் மேல பழி விழுந்துட்டா, அப்புறம் யாரும் மத்தவங்க தொண்டையைத் திறந்து பாக்கமாட்டாங்கன்னு நெனச்சேன்."

அக்காவுக்கு வேண்டியிருந்தது அதுதான். குரலைத் தாழ்த்தினாள். "டாக்டர் பாத்துச் சொல்லட்டும் சார். நாங்க சொல்றது சரியா இருந்தா, நீங்க ஆசைப்பட்டதுதான் உங்களுக்கு வந்திருக்கு. கிளம்புங்க."

"அந்த மாத்திரையை நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க," என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு. "அதையும் டாக்டர்தான் படிப்படியாக் குறைக்கணும்."

*

மறுநாள் பரிசோதனை முடிவு வந்தது. அவர் சளியில் கிருமி கொட்டிக் கிடந்ததாம். நோய் குரல்வளையிலேயே பிடித்திருந்தது. அங்கே பிடித்தால் பேசும் ஒவ்வொரு சொல்லோடும் வெளியே வரும். புற்றுநோய் இல்லை. குரல் திரும்ப வாய்ப்பு உண்டு என்று டாக்டர் சொன்னதும் சிங்கம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லையாம். பூனைக்கும் அதே மாத்திரைதான் என்று ஆஸ்பத்திரிக்குச் சொல்லிவிட்டோம். அவர்களுக்கு அது தெரியாமல்தான் இருந்தது.

ஓனர் சுண்டெலிக்குப் போன் செய்து, நடந்ததை மறந்துவிட்டுத் திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார். அவள் திங்கட்கிழமை வரை காத்திருக்கவில்லை. எங்களையும் கூட்டிக்கொண்டு அன்றைக்கே போனாள்.

"மறக்குறதுக்கு முன்னாடி ஒரு ரெக்கார்டிங் இருக்கு," என்றாள். "என்னைப் பத்திச் சொன்ன அதே குரல்ல, அது நான் இல்லைன்னு சொல்லணும்."

"நானே எழுதி அனுப்பிடுறேனேம்மா," என்றார் ஓனர். "எதுக்கு அவர் பேரை வெளிய..."

"அவர் பேரைச் சொல்ல வேணாம். என் பேரை எடுத்தா போதும். எழுதுனா யாரும் நம்பமாட்டாங்க. எங்க அண்ணன் எழுதுனதைப் படிக்கல சார், கேட்டான்."

சிங்கம் ஆஸ்பத்திரியில் படுக்கக் கிளம்பும் முன் வந்து பேச ஒப்புக்கொண்டார். ஒலிப்பதிவு அறைக்குள் அவரை விடமாட்டேன் என்றேன் நான். அதனால் அந்த மைக் பிறந்ததிலிருந்து முதல் முறையாக வெளிக்காற்று வாங்கியது. ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் மைக், அதற்கு முன்னால் தனியாகச் சிங்கம், நீளமான ஒயரின் இந்த முனையில் நாங்கள். லாரி ஹாரன் அடித்தது. காதுக்கு உயிரே போனது.

"இரைச்சல் ஏறுது," என்று பரிதாபமாகச் சொன்னார்.

"ஏறட்டும்," என்றாள் சுண்டெலி.

சிங்கம் பேசினார். "நண்பர்களுக்கு வணக்கம். முன்பு நான் அனுப்பிய செய்தி தவறு. நோய் அந்தப் பெண்ணிடமிருந்து பரவவில்லை. என்னிடமிருந்து பரவியது."

ஓனர் கண்ணை மூடிக்கொண்டார். பெயரைச் சொல்லச் சொல்லி அவரிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

"அவள் கை வீங்கியது அவள் உடம்பு விழித்திருந்ததால். என் கை..." இருமல் வந்தது. முழங்கையில் முகத்தைப் புதைத்து, உடம்பு குலுங்கக் குலுங்க இருமினார். பிறகு நிமிர்ந்தார். "என் கை என்னை ஏமாற்றிவிட்டது. நான் அவளை ஏமாற்றிவிட்டேன். அவளை உள்ளே விடுங்கள்."

கும்பிட்டுவிட்டு, காத்திருந்த ஆம்புலன்ஸை நோக்கி நடந்தார். கடிகாரம் விரல்வரை இறங்கியிருந்தது.

காது மடிக்கணினியைத் திறந்தார். பச்சை அலைகள் வரிசையாக நின்றன. நடுவில் ஒன்று மட்டும் கூரையை முட்டியது. அவர் விரல் பழக்கத்தில் அங்கே போய், கடைசி நொடியில் நின்றது. தலையைத் தூக்கி அவளைப் பார்த்தார்.

"ஸ்டூடியோக்களுக்கு அப்புறம் அனுப்பலாம்ணே," என்றாள் சுண்டெலி. "முதல்ல எங்க அண்ணன் நம்பருக்கு."

"சரிம்மா. இந்த இருமல்? வெட்டவா?"

"வேணாம்," என்றாள். "அவன் அதைத்தான் கேக்கணும்."